டான்ஸ் முடிச்சு ராத்திரி ரெண்டு மணிக்கு தனியா வீட்டுக்கு: லண்டன் நைட் டியூப் ரிவ்யூ

லண்டனுக்குப் புதுசா படிக்கவோ வேலைக்கோ வந்திருக்கற நம்ம பொண்ணுங்க அடிக்கடி கேக்குற கேள்வி ஒண்ணு இருக்கு, வெள்ளி சனி ராத்திரி டான்ஸ் ஆடப் போனா ரெண்டு மணிக்கு மேல தனியா எப்படி வீட்டுக்கு வர்றது, டியூப்ல, அதான் இங்கத்த சுரங்க ரயில்ல, வரலாமா இல்ல கார்தான் புக் பண்ணணுமா. நான் தெற்கு லண்டன் டூட்டிங்ல இருக்கேன், சல்சான்னா உயிரு, லெஸ்டர் ஸ்கொயர், சோஹோ பக்கம் ஆடப் போனா திரும்பி வர்றது பெரும்பாலும் நைட் டியூப் நார்தர்ன் லைன்லதான். அதனால இந்த சர்வீஸப் பத்தி எனக்குத் தெரிஞ்சத முழுசா எழுதிடறேன். மார்க்க முதல்லயே சொல்லிடறேன், அஞ்சுக்கு நாலு. ரயிலுக்கு அஞ்சுக்கு அஞ்சே குடுப்பேன், ஆனா ரயில் நம்மள ஸ்டேஷன்லதானே விடுது, வீட்டு வாசல்ல இல்லையே.

முதல்ல அடிப்படை விஷயம். நைட் டியூப் வெள்ளி ராத்திரியும் சனி ராத்திரியும் மட்டும்தான் ஓடுது, மத்த நாள்ல நள்ளிரவு தாண்டி கொஞ்ச நேரத்துல எல்லாம் மூடிடும். ஓடுறது அஞ்சு லைன், சென்ட்ரல், விக்டோரியா, ஜூபிலி, நார்தர்ன், பிக்கடில்லி, அதுலயும் எல்லாம் முழு லைனுக்கும் ஓடாது. நார்தர்ன்ல கேம்டன் டவுன்லேர்ந்து மோர்டன் வரைக்கும் சுமார் 8 நிமிஷத்துக்கு ஒரு ரயில், ராத்திரி மூணு மணிக்கு இது சாதாரண விஷயம் இல்லைங்க. டிக்கெட் ஆஃப் பீக், அதாவது கூட்டம் இல்லாத நேரத்து ரேட்தான், அதுக்கும் மேல, லண்டன் போக்குவரத்த நடத்தற டிஎஃப்எல் கணக்குல ஒரு நாள்ங்கறது மறுநாள் காலைல நாலரை வரைக்கும், அதனால சாயங்காலம் போனது ராத்திரி வந்தது எல்லாம் ஒரே நாள் கேப்புக்குள்ள (ஒரு நாளைக்கு இதுக்கு மேல காசு புடிக்க மாட்டாங்கங்கற வரம்பு) வந்துடும். ஸ்டேஷன் கேட்ல அதே கார்டு இல்ல அதே ஃபோன்லயே தட்டுங்க, போகும்போது கார்டு வரும்போது ஃபோன்னு மாத்தித் தட்டினா கேப் கணக்கு சேராது.

இந்த சர்வீஸ் சும்மா வந்துடல. 2015 செப்டம்பர்லயே ஆரம்பிக்கறதா இருந்தது, யூனியனோட பேச்சுவார்த்தை ஒத்து வராம தள்ளிப் போய் 2016 ஆகஸ்ட் 19 ராத்திரிதான் சென்ட்ரலும் விக்டோரியாவும் ஓட ஆரம்பிச்சுது, எங்க நார்தர்ன் அந்த வருஷம் நவம்பர்ல வந்துது. அப்புறம் கொரோனா வந்து 2020 மார்ச்ல நிறுத்தினாங்க. அந்த இடைவெளியிலதான் 2021 மார்ச் 3ஆம் தேதி சாரா எவரார்ட்னு ஒரு பொண்ணு கிளாப்பம் பக்கம் ஒரு ஃப்ரெண்ட் வீட்டுலேர்ந்து தன் வீட்டுக்கு நடந்து போயிட்டிருந்தப்ப டியூட்டியில இல்லாத ஒரு போலீஸ்காரனே தன் அடையாள அட்டையக் காட்டி அவங்களக் கடத்திக் கொன்னான். மணி அப்போ ஒம்பதரைதான் இருக்கும். கிளாப்பம் எங்க லைன்ல எனக்கு நாலஞ்சு ஸ்டேஷன் முன்னாடி, அந்த ரோட்டுல நானும் நடந்திருக்கேன். அந்த வருஷமே செப்டம்பர்ல கிட்ப்ரூக்ல சபீனா நெஸ்ஸான்னு ஒரு டீச்சர், வீட்டுலேர்ந்து ஒரு பார்க் வழியா ஃப்ரெண்ட பாக்கப் போனவங்க, கொல்லப்பட்டாங்க. பொண்ணுங்க பாதுகாப்புக்காக நைட் டியூப திரும்ப விடுங்கன்னு ஒரு மனு போட்டு லட்சம் பேருக்கு மேல கையெழுத்து வந்துது. 2021 நவம்பர் 27 சென்ட்ரலும் விக்டோரியாவும் திரும்ப வந்துது, நார்தர்ன் வர்றதுக்கு 2022 ஜூலை ஆயிடுச்சு. ராத்திரி ரயில்னா குடிச்சிட்டு ஆடப் போறவங்களுக்கான ஆடம்பரம்னு இன்னும் பேசறவங்க இருக்காங்க, அவங்க இந்த ரெண்டு வருஷக் கதைய ஒரு தடவை யோசிச்சுப் பாக்கணும். அந்த ரயில்ல எங்கூட வர்றவங்கள்ல டூட்டிங் செயின்ட் ஜார்ஜஸ் ஆஸ்பத்திரி ஊழியர்களும் ஹோட்டல் கிச்சன்ல பாத்திரம் கழுவி முடிச்சு வர்றவங்களும் உண்டு.

சரி, பயணம் எப்படி இருக்கும்னு சொல்றேன். லெஸ்டர் ஸ்கொயர்ல இறங்கற எஸ்கலேட்டர் ரொம்ப நீளம், ராத்திரி ரெண்டு மணிக்கும் ஜனம் இருக்கும், பாட்டு பாடிட்டு சாப்பிட்டுட்டு ஹீல்ஸ கையில புடிச்சிட்டுன்னு. நைட் டியூப் ஓடுற ஸ்டேஷன்கள்ல ராத்திரி முழுக்க ஸ்டாஃப் இருப்பாங்க, எனக்கு இந்த சர்வீஸ்ல புடிச்ச முதல் விஷயமே இதுதான். கேமரா எத்தனை இருந்தாலும் கேமரா வந்து நம்ம பக்கத்துல நிக்காது, மஞ்சள் இல்ல ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட ஒரு மனுஷன் கேட் பக்கத்துல நிக்கறதப் பாத்தாலே உடம்பு இறுக்கம் பாதி குறையும். பிளாட்ஃபார்ம்ல ஹெல்ப் பாயின்ட் எங்க இருக்குன்னு ஒரு தடவை பகல்லயே பாத்து வெச்சுக்கோங்க, எமர்ஜென்சிக்கு ஒரு பட்டன், தகவல் கேக்க ஒரு பட்டன்.

நார்தர்ன் லைன்ல ஓடுறது பழைய மாதிரி ரயில், ஆறு பெட்டி, ஒரு பெட்டியிலேர்ந்து இன்னொண்ணுக்கு உள்ள நடந்து போக முடியாது, நடுக்கதவு எமர்ஜென்சிக்கு மட்டும்தான். அதனால எந்தப் பெட்டியில ஏறறோம்ங்கறது முக்கியம். காலியா இருக்கற பெட்டி வந்தா காலு நீட்டி உக்காரலாம்னு தோணும், ஏறாதீங்க. நாலு பொண்ணுங்களோ ஒரு குடும்பமோ இருக்கற பெட்டியா பாத்து ஏறுங்க, சந்தேகமா இருந்தா டிரைவர் இருக்கற முன் பெட்டி. ஏதாவது ஆச்சுன்னா பெட்டிக்குள்ள அலாரம் இருக்கு, அத இழுத்தா டிரைவரோட பேசலாம், சுரங்கத்துல இருந்தா ரயில் பொதுவா அடுத்த ஸ்டேஷன்ல போய்த்தான் நிக்கும், நடு இருட்டுல நின்னுடுமோன்னு பயப்பட வேணாம். ரயில்வே போலீஸான பிரிட்டிஷ் டிரான்ஸ்போர்ட் போலீஸுக்கு 61016ங்கற நம்பர்ல மெசேஜ் அனுப்பலாம், ஃபோன காதுல வெச்சுப் பேசினா எதிர்ல இருக்கறவன் கவனிப்பான், மெசேஜ்னா யாருக்கும் தெரியாது. நிஜமா ஆபத்துன்னா 999தான். பேச முடியாத நிலைமைன்னா மொபைல்லேர்ந்து 999 அடிச்சு, கேக்கும்போது 55 அழுத்துங்க, தப்பா அடிச்ச கால் இல்லன்னு புரிஞ்சுக்கிட்டு போலீஸுக்கு மாத்துவாங்க. ஆனா நீங்க இருக்கற இடத்த அதுவா போலீஸுக்குச் சொல்லிடாது, அதனால லைன கட் பண்ணாம அவங்க கேக்கறதுக்கு இருமலோ பட்டனோ ஏதாவது ஒரு பதில் குடுங்க. இந்த 55 விஷயம் இங்க வருஷக்கணக்கா இருக்கற நம்மாளுங்கள்லயே பல பேருக்குத் தெரியல, தெரிஞ்சவங்களுக்கெல்லாம் சொல்லுங்க.

ஒரு ராத்திரி நடந்தத சொல்றேன். ஸ்டாக்வெல்ல ஏறின ஒருத்தன் எதிர் சீட்ல உக்காந்து வெறிச்சுப் பாத்துட்டே இருந்தான், நான் ஃபோன பாத்தேன், கூரைய பாத்தேன், விளம்பரத்த பாத்தேன், அவன் கண்ண எடுக்கவே இல்ல, அப்புறம் எழுந்து என் பக்கத்து சீட்டுக்கு வந்தான். அங்கேர்ந்து நாலு சீட் தள்ளி ஒரு வயசான கறுப்பின அம்மா மடியில இருந்த பையத் தூக்கி கீழ வெச்சு, அந்த சீட்ட கையால தட்டி, ஏதோ ரொம்ப நாள் பழக்கம் மாதிரி, இங்க வாம்மான்னு கூப்பிட்டாங்க. போய் உக்காந்துட்டேன். டூட்டிங் பிராட்வேல இறங்கினப்ப அவனும் இறங்கினான், மேல வந்து கேட்ல இருந்த ஸ்டாஃப்கிட்ட சொன்னேன், அவர் ஒரு கேள்வியும் கேக்கல, நான் ஏன் இந்த நேரத்துல வந்தேன் என்ன டிரஸ் போட்டிருக்கேன்னு பாக்கல, அவன் வெளிய போய் ரோடு தாண்டி மறையற வரைக்கும் எங்கூட நின்னார். அப்புறம் இதுக்கு ரிப்போர்ட் குடுக்கலாமான்னும் கேட்டார். முறைச்சுப் பாக்கறதும் தொந்தரவுதான்னு ஸ்டேஷன் சுவத்துல போஸ்டர் ஒட்டியிருக்காங்க, அது வெறும் போஸ்டர் இல்லன்னு அன்னிக்குத்தான் பாத்தேன்.

கிளாப்பம் பத்தி தனியா ஒரு எச்சரிக்கை. கிளாப்பம் நார்த், கிளாப்பம் காமன் ரெண்டு ஸ்டேஷன்லயும் பிளாட்ஃபார்ம் நடுவுல ஒரு ஒடுக்கமான திட்டு மாதிரி, ரெண்டு பக்கமும் தண்டவாளம், ரெண்டு பக்கமும் ரயில் வரும். பகல்லயே நெஞ்சு படபடக்கும், ராத்திரி கிளாப்பம் ஹை ஸ்ட்ரீட் கிளப்புங்க விட்டு குடிபோதையில தள்ளாடுற கூட்டம் அங்க இறங்கும்போது நான் ரொம்ப பயப்படற இடம் அதுதான். அங்க ஏறணும்னா படிக்கட்டு பக்கத்துலயே நில்லுங்க, ரயில் வந்து கதவு தெறந்தப்புறம் நகருங்க, கூட்டம் அதிகம்னா ஒரு ரயில விட்டுடுங்க, அடுத்தது வந்துடும்.

எந்த கிளப்புக்குப் போறீங்கன்னு பாத்துதான் திரும்பற வழிய முடிவு பண்ணணும், நிறைய பேர் மாட்டிக்கறது இங்கதான். நார்தர்ன் லைன் ஊர் நடுவுல ரெண்டு வழியா பிரியுது, ராத்திரி சேரிங் கிராஸ் வழி மட்டும்தான் ஓடுது, பேங்க்ங்கற ஸ்டேஷன் வழி ஓடாது. அதனால ஓல்ட் ஸ்ட்ரீட், ஷோர்டிச் பக்கம் ஆடினா பக்கத்து நார்தர்ன் ஸ்டேஷன் மூடியிருக்கும். லண்டன் பிரிட்ஜ் பக்கம்னா ஜூபிலில வாட்டர்லூ வந்து அங்க நார்தர்ன் மாறுங்க. எலிஃபன்ட் அண்ட் காசில்ல மினிஸ்ட்ரி ஆஃப் சவுண்ட் கிளப்புக்குப் போனீங்கன்னா ரயில மறந்துடுங்க, என்155 பஸ் அங்கேர்ந்து நேரா கிளாப்பம், பாலம் (Balham), டூட்டிங் வழியா மோர்டன் போகுது. ஃபாரிங்டன்ல ஃபேப்ரிக் கிளப்னா சான்சரி லேன் வரைக்கும் நடந்து சென்ட்ரல் புடிச்சு டாட்டன்ஹம் கோர்ட் ரோட்ல மாறணும், அந்த நடை ராத்திரி மூணு மணிக்கு தனியா போகற நடை இல்ல, கூட யாராவது இருந்தா மட்டும். பிரிக்ஸ்டன்னா ரொம்ப சுலபம், விக்டோரியா லைன்ல ஒரே ஸ்டேஷன், ஸ்டாக்வெல்ல மாறினா போதும். கிளப்புக்குள்ள இருக்கும்போதே ஏதாவது சரியில்லன்னு தோணினா பார்ல போய் ஏஞ்சலா இருக்காங்களான்னு கேளுங்க, அது உதவி வேணும்ங்கறதுக்கான ரகசிய வார்த்தை, ஆஸ்க் ஃபார் ஏஞ்சலாங்கற இந்தத் திட்டத்துல இருக்கற இடம்னா ஸ்டாஃப் புரிஞ்சுக்கிட்டு உங்கள தனியா கூட்டிட்டுப் போய் கார் வர வைப்பாங்க. 2016ல லிங்கன்ஷயர்ல ஆரம்பிச்சது, இப்ப லண்டன்ல பல இடத்துல பாத்ரூம் கதவுலயே ஒட்டியிருக்கும்.

நைட் பஸ்ஸும் மோசமில்ல, டிக்கெட் மலிவுதான், ஒரு மணி நேரத்துக்குள்ள பஸ் மாறினா மறுபடி காசு இல்ல. ஆனா கீழ் தளத்துல டிரைவர் கண்ணுல படற மாதிரி உக்காருங்க, மேல் தளம் ராத்திரி வேற உலகம்.

கார் பத்தி. பிளாக் கேப்ப ரோட்டுல கை காட்டி நிறுத்தலாம், மேல ஆரஞ்சு விளக்கு எரிஞ்சா காலி. மினிகேப் அப்படி இல்ல, முன்கூட்டியே புக் பண்ணணும், கிளப் வாசல்ல வந்து டாக்சி வேணுமா டாக்சி வேணுமான்னு கேக்கறவன் சட்டப்படி உங்கள ஏத்திட்டுப் போகவே கூடாது, அவன் கார்ல எந்தக் காரணத்துக்கும் ஏறாதீங்க. லைசென்ஸ் உள்ள மினிகேப்னா முன் பின் கண்ணாடியில வட்ட ஸ்டிக்கர் இருக்கும். எனக்கு ஒரு தடவை ஆப்ல புக் பண்ணினதுல (எந்த ஆப்னு வேணாம்) காட்டின நம்பர் ஒண்ணு, வந்து நின்ன கார் நம்பர் வேற, கேட்டா கார் ரிப்பேர், தம்பியோட காருன்னான், என் பேரையும் சரியாத்தான் சொன்னான். நான் ஏறல. கேன்சல் பண்ணினதுக்கு காசு வேற புடிச்சாங்க, எழுதிக் கேட்டு ஒரு வாரம் கழிச்சுத்தான் திரும்ப வந்துது, ஆனா அந்தக் காசு வராமலே போயிருந்தாலும் நான் செஞ்சதுதான் சரி. நம்பர் பிளேட் பொருந்தலன்னா பேச்சே இல்ல, அவன் எவ்வளவு மரியாதையா பேசினாலும். டிரைவர் உங்க பேர சொல்றதுக்கு முன்னாடி நீங்க சொல்லாதீங்க, யார கூட்டிட்டுப் போக வந்தீங்கன்னு கேளுங்க.

இப்ப நான் மார்க் குறைச்ச விஷயத்துக்கு வரேன், ஸ்டேஷன்லேர்ந்து வீடு. டூட்டிங் பிராட்வேல வெளிய வந்தா ராஜா எட்வர்ட் சிலை, எதிர்ல மிட்சம் (Mitcham) ரோடு, சிக்கன் கடைங்க கொஞ்சம் தெறந்திருக்கும், வெளிச்சம் இருக்கும், அது வரைக்கும் கவலை இல்ல. அங்கேர்ந்து உள் தெருவுக்குள்ள திரும்பினதும் ஒரு சத்தமும் இருக்காது, ரெண்டு பக்கமும் நிறுத்தின காருங்க, நரி ஓடும், அவ்வளவுதான். இந்த பத்து நிமிஷம் யாரோட கணக்குலயும் வரல. ரயில் விடறவங்க அவங்க வேலை கேட்டோட முடிஞ்சுதுங்கறாங்க, கவுன்சில் விளக்கு போட்டாச்சுங்கறாங்க. ராத்திரி நேரத்துல ஸ்டேஷன் வாசல்லேர்ந்து உள் தெருவுங்க வழியா சுத்தி வர்ற மாதிரி ஒரு சின்ன பஸ் வெள்ளி சனி மட்டும் விட்டா எவ்வளவு பேருக்கு உதவும், பெரிய செலவா அது?

அது வர்ற வரைக்கும் நான் செய்யறது இது. டான்ஸ் ஷூவ கழட்டி பையில போட்டு தட்டையான ஷூ மாத்திக்கறது லெஸ்டர் ஸ்கொயர்லயே, நடக்க மட்டுமில்ல ஓடவும் முடியணும். ஸ்டேஷன் விட்டு வரும்போதே வாட்ஸப்ல லைவ் லொகேஷன் ஃபிளாட்மேட்டுக்கு. சாவி முதல்லயே கையில. பாட்டு கேக்கறதில்ல. அப்புறம் அம்மா. இங்க ராத்திரி ரெண்டு மணின்னா கோடைக்காலத்துல திருச்சியில காலைல ஆறரை, அம்மா வாசல் தெளிச்சு கோலம் போட்டு காபி கலக்கற நேரம், கால் பண்ணினா ஸ்பீக்கர்ல போட்டுட்டு வேலைய பாத்துட்டே பேசுவாங்க. "எங்கடி வந்துட்ட, அந்த மளிகைக் கடை தாண்டிட்டியா?"ன்னு லண்டன் தெரு அவங்களுக்கு அத்துப்படி. அந்த மளிகைக் கடை யாழ்ப்பாணத்து அண்ணா ஒருத்தரோடது, லேட்டா சாமான் இறக்கிட்டிருந்தா என்னைப் பாத்து "கவனமாப் போங்கோ பிள்ளை"ன்னு சொல்லிட்டு நான் திருப்பம் திரும்பற வரைக்கும் உள்ள போகமாட்டார். பேச யாரும் இல்லாதவங்களுக்கு ஸ்ட்ரட் சேஃப்னு ஒண்ணு இருக்கு, எடின்பரோல 2021ல ஆரம்பிச்சது, தனியா நடந்து வீட்டுக்குப் போறவங்களோட வாலன்டியருங்க ஃபோன்ல பேசிட்டே கூட வருவாங்க. நடந்து போகும்போது தனியா, யூனிஃபார்ம் இல்லாம ஒருத்தர் வந்து நான் போலீஸ்னு சொன்னா, உங்க கண்ட்ரோல் ரூமோட பேசணும்னு கேளுங்க, கேக்கறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு, சாரா எவரார்டுக்கு அப்புறம் லண்டனோட மெட் போலீஸே அத ஏற்பாடா கொண்டு வந்திருக்கு. சந்தேகம் தீரலன்னா 999.

டூட்டிங்ல இருக்கறதால எனக்கு இந்த வசதி, ஆனா நம்மாளுங்க அதிகம் இருக்கற பல ஏரியாவுக்கு நைட் டியூப் கிடையாது, இது எனக்கு ரொம்ப வருத்தம். ஈஸ்ட் ஹாம் டிஸ்ட்ரிக்ட் லைன், ராத்திரி ஓடாது, என்15 பஸ்தான், ஆடி அசைஞ்சு போகும். என் தோழி ஒருத்தி அங்க இருக்கா, எங்க குரூப்லயே நல்லா ஆடறவ அவதான், கடைசி ரயிலுக்காக பன்னெண்டு மணிக்கு முன்னாடியே கிளம்பிடறா, நல்ல பாட்டெல்லாம் அதுக்கப்புறம்தான் வரும். வெம்பிளில ஈலிங் ரோடு பக்கம் ஆல்பர்டன், அப்புறம் சவுத் ஹாரோ, ரேனர்ஸ் லேன், இதெல்லாம் பிக்கடில்லிதான், ஆனா ராத்திரி ரயில் ஹீத்ரோ பக்கம் போகும், அக்ஸ்பிரிட்ஜ் கிளைக்குப் போகாது. ஹாரோவுக்கு என்18 பஸ். ஜூபிலில வெம்பிளி பார்க், கிங்ஸ்பரி, குயின்ஸ்பரி இருக்கறவங்களுக்கும், சென்ட்ரல்ல கேன்ட்ஸ் ஹில், நியூபரி பார்க் இருக்கறவங்களுக்கும் பிரச்சனை இல்ல. புதுசா வீடு பாக்கறவங்க வாடகை, ஸ்டேஷன் தூரம் பாக்கற மாதிரி அந்த ஸ்டேஷனுக்கு நைட் டியூப் இருக்கான்னும் பாருங்க, ஷிஃப்ட் வேலைக்குப் போறவங்களும்தான். மேயர் ஆஃபீஸ் கருத்து கேக்கும்போதெல்லாம் நான் டிஸ்ட்ரிக்ட் லைன் வேணும்னு எழுதறேன், நீங்களும் எழுதுங்க.

கடைசியா ஒரு விஷயம், வாரக்கடைசியில தண்டவாள வேலைன்னு லைன்ல பாதிய மூடிடுவாங்க, அன்னிக்கு அந்தப் பகுதிக்கு நைட் டியூப்பும் இருக்காது, ஸ்ட்ரைக் வந்தாலும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை கிளம்பறதுக்கு முன்னாடி டிஎஃப்எல் கோ ஆப்ல உங்க லைன பாத்துடுங்க, மூடியிருந்தா எந்த பஸ், எந்த ஸ்டாப்புன்னு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க, ரெண்டு மணிக்கு ஃபோன்ல நாலு பர்சென்ட் சார்ஜ வெச்சுட்டு தேட வேணாம். சின்ன பவர் பேங்க் ஒண்ணும் பையில இருக்கட்டும்.